அத்தியாயம் 5: எல்க் வேட்டைக்கு ஏற்ற குண்டைத் தேர்ந்தெடுப்பது

துப்பாக்கி வாங்கியாயிற்று, ஸ்கோப்பும் பொருத்தியாயிற்று. இனி கடைக்குப் போய் "எல்க்குக்கு ஒரு பெட்டி தோட்டா கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால், விற்பவர் கைக்கு எட்டியதை எடுத்து நீட்டிவிடுவார். .30-06 என்ற ஒரே அளவில் சுவர் முழுக்கப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். விலையோ ஒன்றுக்கு ஒன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபடும். அவற்றில் சில சிறிய மானுக்குப் போதும், எல்க்குக்குப் போதாது. சில காகித இலக்குகளைச் சுடுவதற்காகவே செய்தவை. அவற்றை எல்க் மீது சுடுவது அந்த விலங்குக்குச் செய்யும் கொடுமை.

.270 போதுமா, .300 வேண்டுமா என்று வேட்டைக்காரர்கள் விடிய விடிய வாதாடுவார்கள். எல்க்கைப் பொறுத்தவரை துப்பாக்கியின் அளவைவிடக் குண்டின் கட்டுமானம்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. நன்றாகச் செய்த .270 குண்டு, மட்டமான .300 குண்டைவிட நம்பத் தகுந்தது. இந்த அத்தியாயத்தில் தோட்டா என்றால் பித்தளைக் கூடு, வெடிமருந்து எல்லாம் சேர்ந்த முழு உருப்படி. குண்டு என்றால் குழலை விட்டுப் பறக்கும் முனை மட்டும்.

முதலில் சட்டம்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கு, அதிலும் எல்க் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் கொலராடோவுக்குப் பொருந்தும். கடைக்குக் கிளம்பும் முன் மூன்றைச் சரிபாருங்கள்.

1. உங்கள் விசா. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் கையில் இருப்பது இதற்கு ஒரு முக்கிய விலக்கு. ஒரு பெட்டி தோட்டாவை வீட்டில் வைத்திருப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். உரிமம் காலாவதியானால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவாகுங்கள்.

2. குறைந்தபட்ச அளவு. கொலராடோவில் எல்க் வேட்டைக்கு .24 கேலிபருக்குக் குறையாத ரைஃபிளும் 85 கிரெய்ன் எடைக்குக் குறையாத, விரியும் வகைக் குண்டும் வேண்டும். 100 கெஜத்தில் அந்தக் குண்டுக்கு 1,000 அடி-பவுண்ட் ஆற்றல் இருக்க வேண்டும். சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை இது. 85 கிரெய்ன் குண்டோடு எல்க் வேட்டைக்குப் போகச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

3. ஈயத் தடை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு பயன்படுத்தக் கூடாது. அங்கே போவதென்றால் முழுச் செம்புக் குண்டுதான் வழி.

ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் மாநில வேட்டை விதிப் புத்தகத்தை வாங்கி, அந்த ஆண்டுக்கான பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

குண்டு எதைத் துளைக்க வேண்டும்?

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண் எல்க் 220 கிலோவுக்கு மேல் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கடமானைப் பார்த்தவர்கள், நல்ல கொம்புள்ள பெரிய கடமானையும்விடச் சற்றுப் பெரிய உடலைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

அக்டோபரில் அதற்குக் குளிர்கால ரோமம் வந்திருக்கும். சேற்றில் புரண்ட ஆண் எல்க்கின் தோலில் காய்ந்த மண் அப்பியிருக்கும். அதற்கு அடியில் தடித்த தோல், பிறகு தோள் தசை. தோள்பட்டை எலும்பின் மேற்பகுதி தட்டையாகவும் மெலிதாகவும் இருக்கும். கீழே மூட்டை நோக்கி வரவர அது தடித்து, முன்னங்கால் எலும்போடு சேரும் இடத்தில் மிகக் கெட்டியாகிவிடும். மெல்லிய உறையுள்ள குண்டு அந்த மூட்டில் பட்டால் அங்கேயே சிதறும். காயம் வெளியே பெரிதாகத் தெரியும், நுரையீரலுக்கோ ஒன்றும் ஆகியிருக்காது. அந்த எல்க் மலை தாண்டி ஓடிப் போய், நாள்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும்.

ஆகவே குண்டு இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். உள்ளே போனதும் விரிய வேண்டும், விரிந்த பிறகும் எடை இழக்காமல் ஆழமாகப் போக வேண்டும். எல்க்குக்கு இரண்டாவது வேலையே பெரிது.

நான்கு வகைக் குண்டுகள்

*சாதாரண உறைக் குண்டு.* உள்ளே ஈயம், வெளியே செம்புக் கலவை உறை. ரெமிங்டன் கோர்-லாக்ட், ஹார்னடி இன்டர்லாக் ஆகியவை இந்த இனம். விலை குறைவு, பெரும்பாலான துப்பாக்கிகளில் துல்லியமாக விழும். மிதமான வேகமுள்ள .30-06, .308 போன்றவற்றில் கனமான எடையாகப் பார்த்து எடுத்தால் எல்க்குக்கும் உதவும். பல தலைமுறைகள் இதைக் கொண்டே வேட்டையாடியிருக்கின்றன. மேக்னம் வேகத்தில், அருகில், எலும்பில் பட்டால் மட்டும் இதை நம்ப முடியாது.

*பிணைக்கப்பட்ட குண்டு.* ஈயமும் உறையும் ஒன்றோடொன்று பிரியாதபடி ஒட்டவைக்கப்பட்டவை. நோஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் டிராஃபி பாண்டட் டிப் இந்த வகை. எல்க் உடலிலிருந்து எடுத்த இத்தகைய குண்டு ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள். முனை காளான் குடை போலப் பின்னோக்கிச் சுருண்டு விரிந்திருக்கும். சுருண்ட உறையின் உட்பக்கம் ஈயம் இன்னும் ஒட்டியிருக்கும், நகத்தால் கீறினாலும் பெயராது. எடை போட்டால் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

*தடுப்புச் சுவர்க் குண்டு.* 1946-இல் ஜான் நோஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். அவருடைய .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் சுட்ட குண்டுகள், சேறு காய்ந்த மூஸின் உடலில் ஆழமாகப் போகாமல் உடைந்தன. ஊர் திரும்பியவர் உறையின் நடுவே ஒரு செம்புச் சுவரை விட்டுப் புதிய குண்டு ஒன்றைச் செய்தார். 1948-இல் விற்பனைக்கு வந்த நோஸ்லர் பார்ட்டிஷன் அதுதான். நெடுக்காக அறுத்துப் பார்த்தால் ஆங்கில எச் எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி, முன்னறையில் ஈயம், நடுவே சுவர், பின்னறையில் ஈயம் என்று தெரியும். முன்பாதி விரிந்து சிதறினாலும் சுவருக்குப் பின்னால் உள்ள பாதி உருமாறாமல் துளைத்துக்கொண்டு போகும். ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேமும் இந்த அமைப்புதான், அதில் முன்பாதி ஈயம் உறையோடு பிணைக்கவும்பட்டிருக்கிறது.

*முழுச் செம்புக் குண்டு.* ஈயமே இல்லாதது. பார்ன்ஸ் நிறுவனத்தின் எக்ஸ் குண்டு 1989-இல் இதைப் பரவலாக்கியது. இன்று பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ் போன்றவை எளிதில் கிடைக்கின்றன. முனை நான்கு இதழாக விரியும், எடை அநேகமாக முழுதும் நிற்கும், துளைப்பு மிக ஆழம். விரிவதற்கு நல்ல வேகம் வேண்டும் என்பதே இதன் கட்டுப்பாடு.

இவை தவிர, நெடுந்தொலைவுக்கென்று விற்கும் மெல்லிய உறைக் குண்டுகள் உண்டு. காற்றை அழகாகக் கிழித்துப் போகும், காகிதத்தில் துல்லியம் காட்டும். அருகில் நிற்கும் எல்க்கின் தோள் மூட்டில் பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். எல்க் எந்தத் தொலைவில் தென்படும் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. முதன்முறை போகிறவர்கள் இவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

தேர்வு செய்யும் வரிசை

படி 1: குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். துப்பாக்கியின் குழலில் தோட்டாவின் முழுப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ".300" என்று மட்டும் நினைவில் வைத்துப் போகாதீர்கள். .300 வின்செஸ்டர் மேக்னம் வேறு, .300 டபிள்யூ.எஸ்.எம். வேறு. .270 வின்செஸ்டர் வேறு, .270 டபிள்யூ.எஸ்.எம். வேறு.

படி 2: உங்கள் தொலைவை முடிவு செய்யுங்கள். சுடுதளத்துக்கு 9 அங்குலக் காகிதத் தட்டுகள் சில எடுத்துப் போங்கள். மேசையில் சாய்ந்து சுடாமல், உட்கார்ந்தும் முழங்காலிட்டும், காட்டில் சுடுவது போலவே சுடுங்கள். ஐந்து குண்டும் தட்டுக்குள் விழும் கடைசித் தொலைவு எதுவோ, அதுவே உங்கள் எல்லை. பலருக்கு அது 200 கெஜத்தில் நிற்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லை தெரிந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும்.

படி 3: அந்தத் தொலைவில் குண்டின் வேகத்தைப் பாருங்கள். தோட்டாப் பெட்டியின் பின்புறத்திலோ தயாரிப்பாளரின் அட்டவணையிலோ 100, 200, 300 கெஜங்களில் வேகம் எவ்வளவு என்று போட்டிருக்கும். ஈயம் உள்ள வேட்டைக் குண்டுகள் பெரும்பாலும் விரிய வினாடிக்குச் சுமார் 1,800 அடி வேகம் வேண்டும். முழுச் செம்புக்கு 2,000 அடி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

.30-06-இல் 180 கிரெய்ன் குண்டு குழலை விட்டு வினாடிக்கு ஏறக்குறைய 2,700 அடி வேகத்தில் கிளம்பும். கூர்முனையுள்ள குண்டாக இருந்தால் 300 கெஜத்தில் 2,150 அடி அளவில் இருக்கும். ஆக 300 கெஜம் வரை செம்போ ஈயமோ எதுவும் விரியும். 500 கெஜத்தில் வேகம் 1,850 அடி அளவுக்கு இறங்கிவிடும். செம்புக் குண்டு அங்கே விரியாமல் பென்சில் பருமன் துளை போட்டுக்கொண்டு போய்விடக்கூடும்.

எல்க்கைத் தொடும்போது 1,500 அடி-பவுண்ட் ஆற்றல் வேண்டும் என்று ஒரு வழக்குக் கணக்கும் உண்டு. மோசமான அளவுகோல் இல்லை. ஆனால் உடைந்து போகும் குண்டுக்கு 2,500 அடி-பவுண்ட் இருந்தும் பயனில்லை.

படி 4: கட்டுமானத்தைத் தேர்ந்தெடுங்கள். மிக அருகில் சுட நேர்ந்தால் என்ன வேகம், மிகத் தொலைவில் என்ன வேகம் என்ற இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். .300 வின்செஸ்டர் மேக்னமோ 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமோ வைத்திருப்பவர், ஃபிர் மரங்கள் நெருங்கிய இருட்டுக் காட்டில் 40 கெஜத்தில் எல்க்கைச் சந்தித்தால் குண்டின் வேகம் மிக அதிகம். அவருக்குப் பிணைக்கப்பட்டதோ தடுப்புச் சுவர் உள்ளதோ செம்போதான் வேண்டும், சாதாரண உறைக் குண்டு கூடாது. .308, .30-06 வைத்திருப்பவருக்குத் தேர்வு விரிவானது.

ஒரே ஒரு பதில் சொல்லுங்கள் என்றால், பிணைக்கப்பட்ட குண்டு என்பேன். அருகிலும் உடையாது, தொலைவிலும் விரியும். ஈயம் வேண்டாம் என்பவர் செம்பை எடுத்துக்கொண்டு, தொலைவை 300 கெஜத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

படி 5: எடை. குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். 180 கிரெய்ன் ஏறத்தாழ 11.7 கிராம். ஈயம் உள்ள குண்டுகளுக்கு என் பரிந்துரை:

- 6.5 கிரீட்மோர்: 140 கிரெய்ன் அளவு, பிணைக்கப்பட்டது மட்டும், 300 கெஜத்துக்குள்
- .270 வின்செஸ்டர்: 140 முதல் 150
- 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம்: 160 முதல் 175
- .308 வின்செஸ்டர்: 165 முதல் 180
- .30-06: 180
- .300 வின்செஸ்டர் மேக்னம்: 180 முதல் 200
- .338 வின்செஸ்டர் மேக்னம்: 210 முதல் 250

செம்புக் குண்டு எடை இழக்காததால் ஒரு படி குறைத்தே எடுக்கலாம். .30-06-க்கு 165 அல்லது 168 கிரெய்ன் செம்பு தாராளம். எடை குறைவதால் வேகமும் கூடும், விரிவதற்கு அது உதவும்.

> குறிப்பு: செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளக் குண்டு தள்ளாடாமல் பறக்கக் குழலின் உட்புரி போதிய வேகத்தில் சுழற்ற வேண்டும். பழைய துப்பாக்கி என்றால் மிகக் கனமான செம்புக் குண்டு வாங்கும் முன், பெட்டியிலோ தயாரிப்பாளரின் அட்டவணையிலோ உட்புரி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: இரண்டு மூன்று வகையை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரே மாதிரித் துப்பாக்கி இரண்டு இருந்தாலும் ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றொன்றுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி வாங்கி, 100 கெஜத்தில் மூன்று மூன்றாகச் சுடுங்கள். இடையில் குழலை ஆறவிடுங்கள். ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும்போது குழலைச் செம்புக் கறை நீக்கும் திரவத்தால் நன்றாகச் சுத்தம் செய்து, நாலைந்து குண்டு சுட்ட பிறகே கணக்கெடுங்கள்.

மூன்று குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் எல்க்குக்கு அது போதும். ஓர் அங்குலத்துக்குள் விழும் மெல்லிய உறைக் குண்டுக்காக, ஒன்றரை அங்குலம் காட்டும் பிணைக்கப்பட்ட குண்டைக் கைவிடாதீர்கள். 300 கெஜத்தில்கூட அந்த வேறுபாடு ஒன்றரை அங்குலம்தான்.

படி 7: அதே லாட் எண்ணில் வாங்கிச் சேர்த்து, ஸ்கோப்பைச் சரிப்படுத்துங்கள். தேர்ந்தெடுத்த தோட்டாவின் பெட்டியில் லாட் எண் அச்சாகியிருக்கும். அதே எண்ணில் பயிற்சிக்கும் வேட்டைக்கும் சேர்த்து வாங்குங்கள். 200 கெஜத்துக்குச் சரிப்படுத்தினால் .30-06-இல் 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே விழும், 300 கெஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் கீழே இறங்கும். காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு குண்டாவது சுட்டுச் சரிபாருங்கள். பயணத்தில் ஸ்கோப் அசைந்திருக்கலாம். 9,000 அடி உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால் நெடுந்தொலைவில் குண்டு சற்று மேலே விழும், 200 கெஜத்துக்குள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

பயிற்சிக்கு மலிவான தோட்டாவும் வேட்டைக்கு விலை உயர்ந்ததும் என்று பிரித்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இரண்டும் ஒரே இடத்தில் விழாது. ஸ்கோப்பை மலிவானதற்குச் சரிசெய்துவிட்டு, நல்லதைக் காட்டில் முதன்முறையாகச் சுடுகிறார்கள்.

தாங்க முடியாத உதைப்புள்ள மேக்னத்தை வாங்கி, விசையை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொள்பவர்கள் உண்டு. எந்தக் குண்டும் இதை ஈடுகட்டாது. உதைப்புக் குறைந்த துப்பாக்கியில் கெட்டியான குண்டைப் போடுங்கள்.

முழு உலோக உறைக் குண்டுகள் விலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அவை விரியாது. கொலராடோ சட்டமும் அனுமதிக்காது.

தோட்டாவைக் கையாளும்போது

1. சுடுதள மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகைத் தோட்டா மட்டுமே இருக்கட்டும். .308 தோட்டா .30-06 அறைக்குள் நுழைந்துவிடும், சுட்டால் கூடு வெடித்து வாயு முகத்தை நோக்கி வரலாம். கூட்டின் அடிவட்டத்தில் உள்ள எழுத்தைக் குழலில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்ட பிறகே ஏற்றுங்கள்.
2. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையென்றால் குழலை இலக்கை நோக்கியே வைத்துக் குறைந்தது 30 வினாடி காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றக்கூடும்.
3. சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக, "புஸ்" என்று கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். துப்பாக்கியை முழுதும் காலி செய்து, குழலின் உட்புறத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.
4. நீங்களே தோட்டா நிரப்புகிறவர் என்றால், ஈயக் குண்டுக்கான மருந்தளவைச் செம்புக்குப் போடாதீர்கள். நீளமான செம்புக் குண்டு கூட்டுக்குள் அதிக இடம் பிடிப்பதால் அழுத்தம் ஏறும். அந்தந்தக் குண்டுக்கு அதன் தயாரிப்பாளர் தரும் அட்டவணையை மட்டும் பின்பற்றுங்கள்.

காட்டில் குண்டுக்கு வழி விடுங்கள்

எல்க் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, மார்பின் அடிக்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். இரண்டு நுரையீரலும் அந்த வழியில் இருக்கின்றன. சற்றே விலகித் திரும்பி நிற்கும் எல்க்குக்கு, மறுபக்கத்து முன்னங்காலை மனத்தில் வைத்துக் குண்டு அங்கே போய்ச் சேரும்படி சுட வேண்டும். நேராக உங்களைப் பார்த்து நிற்பதையும், பின்புறம் காட்டி நிற்பதையும் விட்டுவிடுங்கள். கெட்டியான குண்டு வைத்திருக்கிறோம் என்ற துணிச்சலில் கோணலாகச் சுடக் கூடாது.

பிணைக்கப்பட்ட குண்டும் செம்பும் எல்க்கின் மறுபக்கம் துளைத்து வெளியேறக்கூடும். மந்தையில் பின்னால் மற்றொரு எல்க் நின்றால் அதன் மீதும் பாயும். பின்னால் மண் மேடோ சரிவோ இருக்க வேண்டும். மலை முகட்டில் வானத்தின் எதிரே நிற்கும் எல்க்கை எந்தக் காரணத்துக்காகவும் சுடாதீர்கள்.

சுட்டதும் உடனே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பாருங்கள். இரண்டு நுரையீரலும் துளைபட்ட எல்க் ஒன்றுமே நடக்காதது போல நின்றுகொண்டிருக்கும், நடக்கவும் செய்யும். அது கீழே விழாமல் நிற்கும் வரை, பின்புலம் பாதுகாப்பாக இருந்தால், மீண்டும் சுடுங்கள். கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் அரை மணி நேரம் அசையாமல் காத்திருந்து, பிறகு அது நின்ற இடத்துக்குப் போங்கள். தடித்த ரோமம் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால் முதல் சில கெஜங்களில் தடம் தெரியாமல் போகலாம். அதனால் குண்டு படவில்லை என்று முடிவு கட்டித் திரும்பாதீர்கள்.

இறைச்சியும் ஈயமும்

ஈயக் குண்டு விரியும்போது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றிச் சிதறும். 2008-இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் தென்பட்டு, உணவு வங்கிகளிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது. வீட்டில் குழந்தைகளோ கருவுற்ற பெண்களோ இருந்தால் செம்புக் குண்டையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காட்டில் விட்டுவரும் குடலை உண்ணும் கழுகுகளுக்கும் அண்டங்காக்கைகளுக்கும் அது நல்லது.

ஈயக் குண்டு பயன்படுத்தியவர்கள், காயத்தைச் சுற்றி இரத்தம் கட்டிய சதையை மட்டும் வெட்டி நிறுத்தாமல், அதற்கு அப்பாலும் ஒரு கையகலம் தாராளமாக வெட்டி எறியுங்கள். கழுவினால் துகள் போகாது, நீரோடு மற்ற இடங்களுக்கும் பரவும். கொத்துக்கறிக்கு ஓரத் துண்டுகளையெல்லாம் சேர்த்து அரைப்பதால் அதில்தான் ஆபத்து அதிகம். தோளைச் சுற்றிய துண்டுகளை அரைக்கக் கொடுக்காதீர்கள். சில கடைகளில் பலருடைய இறைச்சியை ஒன்றாகப் போட்டு அரைப்பார்கள். உங்கள் எல்க்கை மட்டும் தனியாக அரைத்துத் தரும் கடை எது என்று, சீசன் தொடங்கும் முன்பே விசாரித்துச் சொல்லிவையுங்கள்.